முதல் ரொட்டி

– நாளையிலேர்ந்து முதல் ரொட்டியை நான் திங்க மாட்டேன்ப்பா.

– கேட்டுக்க பாப்பா. உங்க தாத்தா அடுப்பு மூட்டின நாள்லேர்ந்து, நம்ம வீட்டு ஆள் ஒருத்தர் கடை வாசல்ல நின்னு முதல் ரொட்டியைத் தின்னப்புறம்தான் வியாபாரம். அதைப் பாத்துட்டுத்தான் ஜனங்க நம்பி வாங்கறாங்க. எனக்கப்புறம் நீதான்னு போன வருஷம் அதை உன் கையில கொடுத்தேன். திங்க மாட்டேன்னா கடையும் கிடையாது.

– வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பாத்துட்டாங்கப்பா. குடலோட உள்பக்கம் தேஞ்சுபோய்க் கிடக்காம். கோதுமையில இருக்கற குளூட்டன்தான் காரணம்னு டாக்டரம்மா அடிச்சுச் சொல்லிட்டாங்க.

– வயித்துப்போக்கு எல்லாருக்கும் வர்றதுதான்.

– பன்னெண்டு வருஷமாவா? ஸ்கூல்ல என் பட்டப்பேரே 'மிஸ், பாத்ரூம்'. உப்புசம், ரத்தசோகை, எதுக்கு மாத்திரை திங்கல நான்? வயிறு சரியில்லன்னா லேசா சாப்பிடுன்னு நீங்க ரொட்டியை வாட்டி வாட்டிக் கொடுத்தீங்க. அதைக் கேட்டதும் டாக்டரம்மா பேனாவைக் கீழ வச்சுட்டாங்க.

– கடைப் பேரைச் சொன்னியா?

– சொன்னேன்.

– சொல்லியிருக்க வேணாம். ரொட்டிக்காரன் மகளுக்கு ரொட்டி ஆகாதுன்னா ஊர் சிரிக்கும். எதிர்க்கடைக்காரன் பலகையே எழுதி மாட்டுவான்.

– மாட்டட்டும். தனி அடுப்பு போட்டு வேற மாவுல நான் சுடறேன். கடை எனக்கு வேணும்ப்பா, குடலும் வேணும்.

– நம்ம பரம்பரையில யாருக்கும் இல்லாத நோய் உனக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சாம்?

– அதுக்குத்தான் வர்றேன். இது ரத்தவழியா வர்றதாம். பெத்தவங்களும் பாத்துக்கணுமாம். அம்மா நேத்தே பாத்துட்டாங்க, ஒண்ணுமில்ல. பாக்கி நீங்கதான். காலையில வாங்க, ஒரு ஊசி குத்தற நேரம்.

– வேணாம்.

– பயமா?

– எடுத்தாச்சு.

– எப்ப?

– நீ ஆறாவது படிக்கறப்ப. வெளியூர் ஆஸ்பத்திரியில, வேற பேர்ல.

– உங்களுக்கும் இதேதானா?

– இதேதான்.

– அதுக்கப்புறமுமா தினம் வாசல்ல நின்னு தின்னீங்க?

– தின்னுட்டு, பின்கட்டுக்குப் போய் விரலை விட்டு வாந்தி எடுப்பேன். உங்கம்மாவுக்கே தெரியாது.

– உங்க உடம்பு, உங்க மானம். அதை நான் கேக்கலை. அந்த டாக்டர் வேற எதுவும் சொல்லலையா?

– சொன்னாரு பாப்பா. குழந்தைக்கும் உடனே பாத்துடுங்கன்னு சீட்டுலயே எழுதிக் கொடுத்தாரு.