எங்கள் அடுப்படி மேல் இருக்கும் அவருடைய தகரம்

கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, "சுருக்கமா முடிங்க" என்று கண்ணாலேயே என்னை மிரட்டிக்கொண்டிருக்கும் மருந்துக்கடைக்காரர் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் தெருப் பெரியவர்களே! வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்திருக்கும் பட்டறைத் தோழர்களே! முன்வரிசையில் மகளோடு உட்கார்ந்திருக்கும் என் தங்கச்சியே! அனைவருக்கும் இந்தப் பெயின்ட் கடைக்காரனின் கனத்த வணக்கம்.

நான் ஐந்தாம் வகுப்பை முழுதாகப் படித்தவன். ஆறாம் வகுப்புக்குத்தான் என்னைத் தாங்கும் சக்தி இல்லாமல் போனது. ஆனாலும் நான் மைக்கைப் பிடித்தால் ஸ்பீக்கரே விம்மும் என்பது ஊரறிந்த விஷயம். இன்று விம்முவது ஸ்பீக்கர் இல்லை, நான்.

யார் போய்விட்டார்? வெல்டிங் வேந்தர் போய்விட்டார்! அந்தப் பட்டத்தைக் கொடுக்க எந்தப் பல்கலைக்கழகமும் முன்வராததால் நானே கொடுத்தேன். இந்தத் தெருவில் அவர் கை படாத கேட் உண்டா? அவர் ஒட்டாத ஜன்னல் கம்பி உண்டா?

அப்பேர்ப்பட்டவரின் வீட்டுக்கு நாம் எல்லோரும் சேர்ந்து அரிசி அனுப்பினோம். அவர் மனைவி, என் தங்கச்சி, என்ன செய்தாள்? "நாங்க சமாளிச்சுக்குவோம்ணே" என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாள். அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் என் வீட்டுக் கதையைக் கேளுங்கள்.

அந்தப் பெருமழை நினைவிருக்கிறதா? என் கடைக்குள் தண்ணீர் புகுந்து, டப்பாக்கள் எல்லாம் கவிழ்ந்து, தெருவே ஏழு நிறத்தில் ஓடியது. வானவில் இறங்கிவந்து அதைப் பார்த்துக் காப்பியடித்துக்கொண்டு போனது! அதே நாளில் எங்கள் அடுப்படிக் கூரை பறந்துபோய் மேகத்தில் செருகிக்கொண்டது. "பறக்கல, சரிஞ்சு அடுப்பு மேல விழுந்துச்சு" என்பாள் என் மனைவி. எப்படியோ, அடுப்பும் இல்லை, கூரையும் இல்லை. குழந்தைகள் பட்டினி. நானோ யாரிடமும் கை நீட்டாத பரம்பரை.

அப்போது வந்தார் வேந்தர். ஒரு தோளில் சிலிண்டர், கையில் அடுப்பு.

"மச்சான், ஒரு உதவி. பட்டறையில நெருப்புப் பொறி பறக்குது. ஒட்டுனாப்புல வீடு. சிலிண்டர் இருந்தா ஆபத்து. கொஞ்ச நாள் உங்க வீட்டுல வெச்சுக்கங்களேன்."

"ஏற்கெனவே இங்க இடம் நெருக்கடி..." என்றேன் நான், கூரையில்லாத அடுப்படியில் நின்றுகொண்டு.

"சும்மா வெச்சா துருப் பிடிச்சிரும் மச்சான். தினம் பத்தவைக்கச் சொல்லுங்க."

போனால் போகிறது என்று ஒப்புக்கொண்டேன். மறுநாள் மறுபடி வந்தார்.

"மச்சான், கம்பியும் தகரமும் நனையுது. உங்க அடுப்படி மேல அடுக்கிக்கவா? திருட்டுப் பயம் வேற. அப்படியே ஒட்டிட்டுப் போயிடறேன்."

அதற்கும் பெரிய மனது வைத்தேன்! அதன்பிறகு டீக்கடையில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்: "நான் இடம் கொடுக்கலன்னா அவன் சாமான் எல்லாம் போயிருக்கும்." பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு, "ஆமா, மச்சான் இல்லன்னா என் தகரம் அம்பேல்" என்று தலையாட்டுவார். ஒரு தடவையாவது சிரித்தாரா? மூச்!

அவரைச் சுடுகாடு வரை அனுப்பிவைத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும், "பாவம், அந்தத் தகரத்தை வாங்கிக்காமலேயே போயிட்டான்" என்று மனைவியிடம் புலம்பினேன். அவள் அழுகையோடு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அட மனுஷா, அது தகரமில்ல. நம்ம கூரை! அந்த மழை பூராவும் அவர் பொண்டாட்டி பட்டறை மூலையில விறகை ஊதி ஊதிச் சமைச்சா. உங்களுக்கு மட்டும்தான் இது தெரியாது."

ஐயா! ஒருவருக்குச் சோறும் கொடுத்து, கூரையும் கொடுத்து, 'நான் கொடுத்தேன்' என்ற பெருமையையும் அவருக்கே கொடுத்துவிட்டுப் போக எந்த மனுஷனால் முடியும்? வாங்கியவன் தலை குனியக்கூடாது என்று, கொடுத்தவர் குனிந்து நின்றாரே! அந்தப் புகையில் கண் எரிந்த என் தங்கச்சிக்கும் சேர்த்து, இந்தச் சபையில் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

வேந்தரின் வேலையை விடமாட்டோம். பட்டறையைத் தோழர்கள் பார்த்துக்கொள்வார்கள். என் பங்கை இதோ, இந்த மைக்கிலேயே ஆரம்பிக்கிறேன்.

தங்கச்சி, எனக்கு ஒரு உதவி பண்ணும்மா. எங்கள் வீட்டில் எலித் தொல்லை. ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி உயரம்! அரிசி மூட்டை வைக்க இடமில்லை. கொஞ்ச நாள் உன் வீட்டில் வைத்துக்கொள். சும்மா வைத்தால் வண்டு விழும். தினம் எடுத்து வடித்துவிடு.

மாட்டேன் என்று தலையாட்டாதே. உன் வீட்டுக்காரர் தகரத்தை இத்தனை வருஷமாக நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். என் அரிசியை நீ வைத்துக்கொள்ள மாட்டாயா?