பிழையில்லாத மொடியூல்

மருதனார்மடத்தில் பஸ் நின்றபோது, முன் இருக்கையில் இருந்த பெண் பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னாள்: "பிழையில்லாமல் எழுதினதாலைதானடி என்னை வேலையாலை நிப்பாட்டினவை."

"விசர்க்கதை கதையாதை."

"கிணத்துத் தண்ணி அளக்கிற எங்கடை கருவியின்ரை புரோகிராமிலை கஷ்டமான பகுதி முழுக்க நான்தானே சி மொழியிலை மொடியூலா, தனித் துண்டா எழுதினனான். இப்ப நீங்கள் எல்லாரும் லேசான ஸ்கிரிப்ட் மொழியிலை ஒரு வரி எழுதி அதைக் கூப்பிடுறியள். இனி சி தெரிஞ்ச ஆள் தேவையில்லையாம்."

"பழுதானா ஆர் திருத்துறது?"

"பழுதாகாதாம். மனேச்சர் என்ரை வேலையைப் புகழ்ந்து கடிதமும் தந்தவர்."

இணுவிலில் பஸ் நின்றது. தோழி சொன்னாள்:

"நாளையிலை இருந்து உன்ரை மேசைக்கு என்னை மாத்துகினம். யன்னல் பக்கம் எண்டதாலை ஓம் எண்டிட்டன்."