முதலில் கத்தியவள்

மாரிட்: ...வண்டியிலயே உக்காந்திருந்தா எப்படிப்பா? கடுதாசில தெளிவா போட்டிருக்கு. "பெற்றோரில் ஒருவருடன் நேரில் வர வேண்டும்."

ரோலண்ட்: வந்துட்டேன்ல? காஸ்வெல் பள்ளிக்கூட வாசல்ல கொண்டாந்து நிறுத்தியாச்சு. இதுக்கு மேல என்ன நேர்ல வர்றது?

மாரிட்: உள்ள வரணும்ப்பா.

ரோலண்ட்: கத்தினது நீ. மன்னிப்பும் நீ கேளு. நான் கத்தலையே.

மாரிட்: ...சரி.

ரோலண்ட்: மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காத. என்ன எழுதியிருக்க, படி.

மாரிட்: "காஸ்வெல் பாஸ்கெட்பால் அணிக்கு வணக்கம். என் பேரு மாரிட் ஹால்வர்சன். எல்டர்டன் பள்ளியில கோஷம் போடற மாணவர்களுக்கு நான்தான் தலைவி. போன வெள்ளிக்கிழமை ஆட்டத்துல எங்க கோஷத்தால யாராவது மனசு புண்பட்டிருந்தா..."

ரோலண்ட்: நிறுத்து. புண்பட்டிருந்தாவா? அதுல உனக்கு என்ன சந்தேகம்?

மாரிட்: பிரின்சிபால் எழுதிக் குடுத்ததுப்பா.

ரோலண்ட்: அவங்க அப்படித்தான் எழுதுவாங்க. பேனா இருக்கா? அதை அடிச்சிடு.

மாரிட்: "புண்படுத்திட்டோம்"னு போடவா?

ரோலண்ட்: "புண்படுத்திட்டேன்."

மாரிட்: முன்னூறு பேரு கத்தினாங்கப்பா!

ரோலண்ட்: ஒலிபெருக்கி யாரு கையில இருந்துச்சு?

மாரிட்: ...என் கையில.

ரோலண்ட்: என்ன கத்தினீங்கன்னு எழுதியிருக்கியா?

மாரிட்: வேண்டாம்ப்பா. உங்களுக்குத்தான் தெரியுமே.

ரோலண்ட்: நான் அந்நேரம் வெளிய காப்பி வாங்க நின்னேன். பாதிதான் காதுல விழுந்துச்சு. சொல்லு. என்கிட்டயே சொல்ல முடியலைன்னா அவனுங்ககிட்ட எப்படிச் சொல்லுவ?

மாரிட்: ..."அப்பன் எங்கே? வீட்டுலே! வேலை எங்கே? ரோட்டுலே!" போதுமா?

ரோலண்ட்: எப்ப கத்தினீங்க?

மாரிட்: கடைசி நிமிஷம். அவங்க பையன் டாரின் ஃப்ரீ த்ரோ போட வந்து நின்னான். யாரும் குறுக்க வராம ரெண்டு வாய்ப்பு. ரெண்டும் உள்ள போயிருந்தா அவங்கதான் ஜெயிச்சிருப்பாங்க.

ரோலண்ட்: போகலை.

மாரிட்: ரெண்டாவது பந்து வளையத்தைக்கூடத் தொடலைப்பா. நாங்க... குதிச்சோம்.

ரோலண்ட்: தலையில ஆளுக்கொரு மஞ்சள் ஹெல்மெட் வேற.

மாரிட்: அது வேணும்னு பண்ணலை. வாராவாரம் ஒரு வேஷம் போடுவோம்ல? முந்தின வாரம் கடற்கரை, அதுக்கு முந்தி மான் வேட்டை. போன வாரம் தொழிலாளின்னு ஒரு மாசம் முன்னாடியே சீட்டு குலுக்கினது. அன்னிக்கு மோதப் போறது காஸ்வெல்லோடன்னு யாரும் யோசிக்கலை.

ரோலண்ட்: காகித ஆலையில ரெண்டாம் மெஷினை நிறுத்தி நாலு மாசம் ஆச்சு. நூத்தி நாப்பது பேரு வெளிய. இந்தக் காஸ்வெல்ல எந்த வீட்டுக்குப் போனாலும் அதே பேச்சு. யோசிக்கலையாம்!

மாரிட்: திட்டுங்க.

ரோலண்ட்: திட்டலை.

மாரிட்: திட்டுங்கப்பா. ஒரு வாரமா ஒரு வார்த்தை திட்டலை நீங்க. அம்மா தட்டைத் தூக்கி சிங்க்ல வீசினாங்க. "உங்கப்பாவும் அதே ஆலைதானேடி, அவரை ஒண்ணாம் மெஷினுக்கு மாத்தப் போய் நாம தப்பிச்சோம், உனக்கு என்ன கொழுப்பு"ன்னு...

ரோலண்ட்: ம்.

மாரிட்: நீங்க அப்பவும் வாயே திறக்கலை.

ரோலண்ட்: மணி பத்தாச்சு. பயிற்சி முடிஞ்சிருக்கும். இறங்கு.

மாரிட்: நீங்களும் வாங்கப்பா. உள்ள இருக்கறவங்க எல்லாரும் உங்களுக்குத் தெரிஞ்சவங்கதானே.

ரோலண்ட்: அதனாலதான் வரலைங்கறேன். மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது?

மாரிட்: என்னாலயா?

ரோலண்ட்: உன்னாலன்னு நான் சொன்னேனா? விடேன்...

மாரிட்: அப்பா, யாரோ கண்ணாடியைத் தட்டறாங்க.

ரோலண்ட்: ஐயோ... வெர்ன்.

மாரிட்: யாரு?

ரோலண்ட்: டாரினோட அப்பா.

மாரிட்: அந்த டாரினா?

ரோலண்ட்: பேசாம இரு. நான் பாத்துக்கறேன்.

வெர்ன்: டேய் ரோலண்ட்! கண்ணாடியை இறக்குடா. இந்தக் குளிர்ல மனுசனை நிக்க வெச்சுட்டு உள்ள என்னடா ஆராய்ச்சி?

ரோலண்ட்: வா வெர்ன். எப்படிடா இருக்க?

வெர்ன்: இருக்கேன், மூக்கைத்தான் காணோம். செவ்வாய்க்கிழமை நீ எங்கடா போன? வேலைவாய்ப்பு ஆபீஸ்ல அந்தம்மா உன் பேரை மூணு தடவை கூப்பிட்டா. உனக்குப் பதிலா நான் கையைத் தூக்கலாமான்னு பாத்தேன்.

ரோலண்ட்: வெர்ன்...

வெர்ன்: லாரி ஓட்டற வகுப்புக்கு உன் பேரையும் சேத்துக் குடுத்துட்டேன். இந்த வயசுலயான்னு ஆரம்பிக்காத. ரெண்டாம் மெஷின் பக்கத்துல இருபது வருஷம் நின்னவனுக்கு லாரி என்னடா பெரிய...

ரோலண்ட்: வெர்ன்! பொண்ணு இருக்கா.

வெர்ன்: அட, கவனிக்கலை. வணக்கம்மா. உங்கப்பன் தங்கமானவன், ஆனா கல்லுளிமங்கன். வாயிலேருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடியாது.

மாரிட்: ...வணக்கம்.

வெர்ன்: என் பையனைக் கொண்டாந்து விட்டேன். ஒரு வாரமா பந்தைத் தொட மாட்டேங்கறான். எல்டர்டன்ல இருந்து எவளோ ஒருத்தி மன்னிப்புக் கேக்க வராளாம், வந்து கேட்டுக்கடான்னு இழுத்துட்டு வந்திருக்கேன். எனக்கு அந்த ஆட்டம் போனது பெருசில்லைடா. அந்த ஃப்ரீ த்ரோ போடறப்ப அவன் வளையத்தையே பாக்கலை. கூட்டத்துல என்னைத் தேடிப் பாத்துட்டு நின்னான். ராத்திரி வந்து சொல்றான், "நீ ஆட்டத்துக்கு வராம இருந்திருக்கலாம்ப்பா"ன்னு...

ரோலண்ட்: வெர்ன். அந்த ஒருத்தி இவதான்.

வெர்ன்: எவ?

ரோலண்ட்: என் பொண்ணு. மாரிட்.

மாரிட்: சார், நான்...

வெர்ன்: இரும்மா. ரோலண்ட், உன் பொண்ணாடா? உன் பொண்ணா அப்படிக் கத்தினா?

ரோலண்ட்: ஆமா.

வெர்ன்: அப்ப நீ வீட்டுல... சொல்லவே இல்லையா?

ரோலண்ட்: இல்லை.

வெர்ன்: நாலு மாசமாவா?

ரோலண்ட்: நாலு மாசமா.

வெர்ன்: அடப்பாவி... சரி. நான் உள்ள போறேன். அஞ்சு நிமிஷம் ஆகும்னு சொல்லி வெக்கறேன். பாப்பா, எங்கிட்ட ஒண்ணும் கேக்க வேண்டாம். டாரின்கிட்ட கேளு. அந்தப் பேப்பரைப் பாத்து வாசிக்காத, என்ன?

மாரிட்: சரிங்க.

ரோலண்ட்: ...கண்ணு.

மாரிட்: ம்.

ரோலண்ட்: சொல்லணும்னுதான் இருந்தேன். தினம் காலைல கிளம்பறப்ப, சாயங்காலம் வந்து சொல்லிடணும்னு நினைப்பேன். வந்தா உங்கம்மா சிரிச்சுட்டே கதவைத் திறப்பா...

மாரிட்: அழாதீங்கப்பா.

ரோலண்ட்: அழலை. வெக்கமா இருக்கு, அவ்வளவுதான். உன் மேல தப்பில்லைடா. நீ தெரியாம கத்திட்ட. தெரிஞ்சிருந்தா கத்தியிருப்பியா? கத்தியிருக்க மாட்ட. அது எனக்குத் தெரியும்.

மாரிட்: தெரியும்ப்பா.

ரோலண்ட்: என்ன தெரியும்?

மாரிட்: நவம்பர்லயே தெரியும். பேச்சுப்போட்டிக்கு பஸ்ல போறப்ப, ஆத்தங்கரைப் படகுத்துறையில நம்ம வண்டி நின்னுச்சு. உள்ள நீங்க. அம்மா கட்டிக் குடுத்த சாண்ட்விச்சைக் காலைல பத்து மணிக்கே தின்னுட்டு இருந்தீங்க.

ரோலண்ட்: ...வேற யாராவது பாத்தாங்களா?

மாரிட்: நான் மட்டும்தான்.

ரோலண்ட்: ஏன் கேக்கலை நீ?

மாரிட்: கேட்டா, நான் பாக்க முடியாத இடமாத் தேடிப் போய் உக்காருவீங்க.

ரோலண்ட்: அப்ப... தெரிஞ்சேவா கத்தின?

மாரிட்: பக்கத்துல எங்க வகுப்புப் பையன் வேட் நின்னான்ப்பா. டாரின் பந்தை வாங்கினதும், "உங்கப்பாவும் அந்த ஆலைதானே, எந்த மெஷின்?"னு கேட்டான். சும்மாதான் கேட்டான். எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. அந்த நிமிஷத்துல நானே கட்டினதுதான் அந்தக் கோஷம். யாரும் சொல்லித் தரலை. நானே கத்தினா, எங்கப்பா அந்த நூத்தி நாப்பதுல இல்லைன்னு நினைச்சுக்குவாங்கல்ல? அதுக்குத்தான். முன்னூறு பேருலயும் நான்தான்ப்பா முதல்ல கத்தினேன். இப்பவாவது திட்டுங்க.

ரோலண்ட்: இறங்கு. நானும் வரேன்.

மாரிட்: நீங்களா?

ரோலண்ட்: அந்தப் பையன்கிட்ட நானும் கேக்கணும்.

மாரிட்: நீங்க எதுக்குப்பா கேக்கணும்? நீங்கதான் காப்பி வாங்கப் போயிட்டீங்களே.

ரோலண்ட்: போகலை. உங்களுக்குப் பின்னாடி மூணாவது வரிசையிலதான் உக்காந்திருந்தேன். பக்கத்துல நம்ம தெருக்காரங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. யாரும் என் பக்கம் திரும்பிடக் கூடாதேன்னு... நானும் கை தட்டினேன், கண்ணு.