காயில் குத்திய குறி

எங்கள் ஊரில் வெனிலாக் காய்க்கு உரிமையாளரின் குறி உண்டு, ஐயா. பிஞ்சிலேயே ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்திவிடுவோம். காய் வளர வளரத் தழும்பும் கூடவே வளரும். மடகாஸ்கரில் எந்த வெனிலாத் திருடனும் காவல் நிலையம்வரை உயிரோடு வருவதில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

பெதோம்போ என் தங்கை சோவாவின் புருஷன். நல்லவன்தான், மறுக்கவில்லை. ஆனால் ஊர் வெனிலாக்காரர்களைச் சேர்த்துச் சங்கத்தைக் கட்டியவன் நான். ரசாயனம் தொடாமல் விளைவித்து, தரகன் இல்லாமல் நேரே கப்பலேற்றினோம். ஒரே நிபந்தனை, முற்றாத காயைப் பறிக்கக்கூடாது. ஒருவன் மீறினாலும் வாங்குகிற வெள்ளைக்காரர் ஊரையே கைகழுவிவிடுவார்.

பெதோம்போ தன் கொடியில் பச்சையாகவே பறித்துச் சந்தைக்கு மூட்டை கட்டினான். புயல் அவன் கூரையைக் கொண்டுபோயிருந்தது.

"தகரம் போடணும் மச்சான். உன் தங்கச்சி நனைஞ்சுக்கிட்டே சோறாக்குறா. உன் வெள்ளைக்காரன் வந்து குடை பிடிப்பானா?"

"கொஞ்சம் பொறுத்துக்கோ."

"நீ பொறுப்ப. உனக்குத்தான் கூரை இருக்கே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்துத் தோட்டத்து ரசோலோ முன்கோபி. அதற்கு முந்தின மாதம்தான் காய் திருட்டுக் கொடுத்திருந்தான். நான் அவன் காயையே பறித்து பெதோம்போ சாக்கில் போட்டிருக்கலாம். ஆனால் திருடுவது என் பழக்கமில்லை. குறி போடாமல் விட்டிருந்த என் காய்களையே பறித்து, ரசோலோவின் குறியைக் குத்தி அந்தச் சாக்கில் போட்டேன். பிறகு ஊரைக் கூப்பிட்டேன்.

சாக்கைத் தரையில் கொட்டினார்கள்.

"தொட்டுப் பாருங்கடா, குத்துன எடம் இன்னும் ஈரமா இருக்கு," என்றான் பெதோம்போ. என்னைப் பார்த்து, "மச்சான், நீயாவது சொல்லேன்," என்றான்.

"குறி ரசோலோவோடதுதான்," என்றேன். அதில் பொய் எங்கே இருக்கிறது?

பிறகு ஊர் தன் வேலையைச் செய்தது. நான் கை வைக்கவில்லை.

அங்கே நின்றவர்கள் எல்லோரும் காய் குத்தியே வளர்ந்தவர்கள். பழைய தழும்பையும் புதுக் குத்தையும் கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லிவிடுவார்கள். ஒருவரும் குனியவில்லை. அப்படியிருக்க என்னை மட்டும் ஏன் கூட்டி வந்தீர்கள்? ஆமாம், அவனைக் கொல்லவைத்தது நான்தான். நாளைக்கு இன்னொருவன் பச்சையாகப் பறித்தாலும் அதையேதான் செய்வேன்.

கப்பல் போனது, சங்கம் பிழைத்தது. வந்த லாபத்தில் முதல் வேலையாக சோவாவின் வீட்டுக்குத் தகரம் போட்டுக் கொடுத்தேன். அவள் அதன் கீழே போக மாட்டேன் என்கிறாள். மழையில் நின்றுகொண்டே அடுப்பு ஊதுகிறாள். புருஷனைப் போலவேதான், ஐயா. கொஞ்சமும் பொறுமை கிடையாது.