சளிக்கு ஒரு மூடி

காரைக்குடியிலிருந்து சாக்கோட்டை போகும் டவுன் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் அலுத்துப்போய்ச் சொன்னாள்: "எம்மகன் நர்சம்மாகிட்ட என்னையத்தான் காட்டிக்குடுத்தான்."

"குடிச்சு மயங்கிட்டான்னு ஆஸ்பத்திரியில சேத்தீகளே, பெரியவனாக்கா?"

"அவந்தான். பதினாறு வயசு. தெளிஞ்சதும் நர்சம்மா பக்கத்துல உக்காந்து, திட்டாம, அஞ்சு நிமிசம் பேசுனாக. மொதல்ல யாருப்பா குடுத்தான்னு கேட்டாக. எந்தப் பயலச் சொல்லப்போறானோன்னு நிக்கிறேன், 'எங்கம்மா. சின்னதுல சளிக்கு மூடியில பிராந்தி குடுத்துச்சு'ங்கிறான்."

"எல்லாரும் குடுக்குறதுதானக்கா."

"நானும் அதத்தான் சொன்னேன். அந்தப் பாட்டிலு இப்ப எங்கன்னு கேட்டாக."

"எங்க இருக்கு?"

"அடுப்படியிலதான். சின்னவளுக்கு நாலு நாளா இருமல்."