பின்சீட்டுத் தையல்

பழைய படகு வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இன்ஜினை அல்ல, விற்கிறவன் பெண்டாட்டியின் முகத்தை. இன்ஜினைத் துடைத்துப் பளபளவென்று வைத்துவிடலாம், முகத்தை அப்படி வைக்க முடியாது. படகைக் காட்டும்போது அவள் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டால் ஒரு கதை. கூடவே வந்து நின்று சிரித்துக்கொண்டே இருந்தால் அது வேறு கதை. நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டரம்மா. எனக்கு உரக்கப் பேசிப் பழக்கமில்லை. பக்கத்தில் இருக்கிறவர் காதோடு பேசித்தான் பழக்கம்.

ஏரிக்குப் போகிற சாலையில் படகு சீட்டுகளுக்கு உறை தைக்கிறவள் நான் ஒருத்திதான். கிழிந்த சீட்டு என்னிடம் வரும், அதோடு அந்த வீட்டுக் கதையும் வரும். எது பாறையில் முட்டியது, எது புருஷன் பெண்டாட்டி சண்டையில் விற்பனைக்கு வந்தது, எந்தப் படகில் சொந்தக்காரர் தன் மனைவியைத் தவிர எல்லாரையும் ஏற்றினார், அத்தனையும் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரியும். இதை நான் மறைத்ததே இல்லை. அதனால்தான் படகு வாங்க நினைக்கிறவர்கள் மெக்கானிக்கிடம் போவதற்கு முன்னால் என்னிடம் வருவார்கள். பாதிப் பேர் அப்புறம் மெக்கானிக்கிடம் போகவே மாட்டார்கள்.

என் பெண்ணுக்கு நடந்ததைப் பற்றித் தெருவில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருத்தராவது சரியாகச் சொல்லியிருந்தால் நான் உங்கள் படியேறியிருக்க மாட்டேன். தப்பும் தவறுமாக ஒரு கதை ஓடுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் ஆகாது.

எனக்கு ஒரே பெண். அவள் அப்பா போன பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். கல்யாணம் ஆனதும் வேறு வீடு பார்க்கிறோம் என்றார்கள். வேறு வீடு எதற்கு, மாடி சும்மாத்தானே கிடக்கிறது என்றேன். மாப்பிள்ளை நல்ல பிள்ளை, சரி என்று பெட்டியோடு வந்துவிட்டார். மாடிப்படி என் தையல் மிஷினுக்குப் பக்கத்தில்தான் இறங்கும். போகிறவர் வருகிறவர் என்னைத் தாண்டித்தான் ஆக வேண்டும். எங்கே போகிறாய், எப்போது வருவாய், பையில் என்ன என்று கேட்பேன். பெற்றவள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

ஒரு நாள் அவள் சொன்னாள்: "அம்மா, இந்த வீட்டுல நான் இருமினா நீ தெரு முழுக்க எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடற. மூச்சு முட்டுதும்மா."

"முட்டினா ஜன்னலைத் திறந்து விடு" என்றேன். மாப்பிள்ளை சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம்தான் படகுப் பேச்சு ஆரம்பித்தது. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய ஏரி இருக்கிறதாம். வெளியூர்க்காரர்கள் வருகிறார்களாம். அங்கே போய் வேக்போர்டிங்கும் வேக்சர்ஃபிங்கும் சொல்லிக் கொடுக்கப் போகிறார்களாம். முதலாவதில், படகு இழுக்கிற கயிற்றைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் பலகைமேல் வர வேண்டும். இரண்டாவதில் கயிறுகூடக் கிடையாது. படகின் பின்பக்கத்தில் தண்ணீர் மூட்டைகளை நிரப்பி அழுத்துவார்கள். படகு மெதுவாகப் போகும்போது பின்னால் ஒரு பெரிய அலை எழும். படகின் வாலை ஒட்டி, எட்டினால் தொடுகிற தூரத்தில், அந்த அலையில் நின்றுகொண்டே வர வேண்டும். என் பெண் அதில் கெட்டிக்காரி. பின்னழகைப் பார்த்துக்கொண்டே போகிற விளையாட்டு என்று நான் கேலி செய்வேன்.

அதற்கு இன்போர்டு படகுதான் வேண்டும் என்றார்கள். அதில் இன்ஜின் படகின் வயிற்றுக்குள் இருக்கும், தண்ணீரைத் தள்ளுகிற புரொப்பல்லர் விசிறி அடியில் உள்ளடங்கி இருக்கும். மற்ற படகுகளில் அது வாலிலேயே சுற்றும், விழுந்தால் கால் போய்விடும். புதுசு வாங்க வசதியில்லை, பழசுதான். மாப்பிள்ளை சாயங்காலமானால் என் மிஷினுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

"அத்தை, அந்த பேங்க் மேனேஜர் படகு எப்படி?"

உண்மையில் அதுதான் நல்ல படகு. அளவாக ஓடியது, வேளாவேளைக்கு ஆயில் பார்த்தது. நான் சொன்னேன், "ஒரு தடவை தண்ணிக்குள்ள உக்காந்துடுச்சுன்னு கேள்வி மாப்பிள்ளை. எனக்கென்ன தெரியும், சொன்னாங்க." யாரும் சொல்லவில்லை. இன்னொரு படகைப் பற்றியும் இப்படி ஏதோ ஒன்று. குறை சொல்வது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி, கஷ்டமே இல்லை. இப்படியே ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனால் அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். விடவில்லை. என் பெண் பெட்டிகளைத் துடைத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் பல் டாக்டர் வீட்டம்மா தன் படகின் சீட்டுகளைத் தைக்கக் கொண்டுவந்தாள். விற்கப் போகிறார்கள், பார்வைக்கு நன்றாக இருக்க வேண்டுமாம். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். தானாகக் கொட்டினாள்.

"பின்சீட்டுல உக்காந்தா தலை சுத்துதுக்கா. இன்ஜின்லேருந்து புகை போற குழாய் உள்ள எங்கேயோ வெடிச்சிருக்காம். இன்ஜினையே தூக்கினாத்தான் சரி பண்ண முடியுமாம். அந்தப் புகைக்கு வாசனையே கிடையாதாம்க்கா, ஆளையே சாய்ச்சிடுமாம். அதான் இவர் அலாரம் வாங்கி மாட்டினார். அது கத்திக்கிட்டே இருக்கு."

அலாரம் பின்சீட்டுப் பலகையின் உள்பக்கம் திருகியிருந்தது. சின்னப் பெட்டி, சோப்பு டப்பா அளவு.

"இதை என்ன பண்ண?"

"அப்படியே விட்டுடுங்கக்கா. வாங்கறவங்க வந்து ஓட்டிப் பாக்கும்போது கத்தட்டும். தெரிஞ்சு வாங்கினா வாங்கட்டும். நமக்கெதுக்குப் பாவம். ஆனா நீங்களா யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

என்னிடம் யாரிடமும் சொல்லாதே என்பது பேப்பரில் விளம்பரம் கொடுப்பது மாதிரி. அது அவளுக்கும் தெரியும். நான் சொல்லிவிடுவேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள். பாவம், அவள் கணக்கில் தப்பில்லை.

நான் சொல்லவில்லை.

அடுத்த நாள் மாப்பிள்ளை ஸ்டூலில் உட்கார்ந்தார். டாக்டர் படகு எப்படி அத்தை என்றார். நான் நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "அதுல சொல்றதுக்கு என்ன இருக்கு" என்றேன். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. மாடிக்கு இரண்டு இரண்டு படியாக ஏறினார். மேலே அவர் பேசியது எனக்குக் கேட்டது. அந்த வீட்டில் எனக்குக் கேட்காதது எதுவும் இல்லை.

"உங்கம்மாவே ஒரு குறையும் சொல்லலேன்னா பாத்துக்கோ. உலகத்துலயே சுத்தமான படகு அதுதான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். என்னை வைத்துத்தான். நான் கோபித்துக்கொள்ளவில்லை.

இப்போது அலாரம். சீட்டைப் பிரித்து நீங்கள் எடுத்தது அதைத்தான். டாக்டர்தான் விற்பதற்காக அதை உள்ளே ஒளித்துவிட்டார் என்று அவரை உட்கார வைத்திருக்கிறீர்களாம். அவருக்கு ஊசி போடத்தான் தெரியும், ஊசியால் தைக்கத் தெரியாது. அந்தத் தையலைப் பார்த்தாலே தெரிய வேண்டாமா? ஓரம் மடித்து, இரட்டை நூல் ஓட்டி, முனையில் முடிச்சு வெளியே தெரியாமல் இழுத்த தையல். இந்தப் பக்கத்தில் வேறு யார் அப்படித் தைப்பார்கள்? பலகையிலிருந்து திருகைக் கழற்றி, பேட்டரியை எடுத்துவிட்டு, பெட்டியை நடு ஸ்பாஞ்சில் குழி வெட்டி வைத்து, மேலே புது உறை போட்டது நான். தூக்கி எறிந்திருக்கலாமே என்பீர்கள். அது அவர்கள் பொருள். பிறத்தியார் பொருளில் நான் கை வைக்கிறவள் இல்லை.

படகு வந்தது. முதல் ஞாயிறு போய்விட்டு வந்தவள் தலைவலி என்று படியேறாமல் என் பக்கத்திலேயே பாயில் சுருண்டுவிட்டாள். தைலம் தேய்த்துவிட்டேன். தலையைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. வெயில்டீ, வேறென்ன, என்றேன்.

அடுத்த தடவை வாந்தி. மாப்பிள்ளை பயந்துவிட்டார். அவர் முன்னால் ஸ்டியரிங்கில் உட்காருகிறவர், காற்று அவர் முகத்தில் அடிக்கும், அவருக்கு ஒன்றும் ஆகாது.

"படகுல ஏதாவது இருக்குமோ அத்தை? மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டிடலாமா?"

அந்த ஒரு கேள்விக்கு நான் வேறு பதில் சொல்லியிருந்தால் நீங்கள் இன்று வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பீர்கள்.

"படகுக்கு என்ன? தலை சுத்தல், வாந்தி. புரியாத மாதிரி நிக்கறீங்களே மாப்பிள்ளை" என்று சிரித்தேன். அவருக்குக் காது சிவந்துவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரியும், என் பெண்ணுக்கு விசேஷம் என்று. எதிர்வீட்டு டீச்சர் வந்து கட்டிக்கொண்டுவிட்டுப் போனாள். மெக்கானிக் பேச்சு அதோடு போயிற்று.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, ஏன் இப்படி ஊருக்கெல்லாம் தண்டோரா போடற" என்று அடுத்த ஞாயிறு காலையில் என் பெண் கத்தினாள். கோபத்தோடேயே பலகையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். என் மிஷினைத் தாண்டித்தான் போனாள். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று பார்த்தேன். படகை டாக்டர் தலையில் கட்டிவிட்டு மேனேஜர் படகை வாங்குவார்கள். மாதக் கடைசியில் மலைக்கு அந்தப் பக்கம் போய்விடுவார்கள். நான் நூல் கோக்க ஊசியைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டேன்.

அன்று காற்றே இல்லையாம். தண்ணீர் மூட்டைகளை நிறைய நிரப்பியிருந்தார்களாம், அலை நன்றாக எழுந்ததாம். ரொம்ப நேரம் அலையில் நின்றிருக்கிறாள். அப்புறம் படகின் பின்பக்கப் படியில் உட்கார்ந்து கை காட்டியிருக்கிறாள். மாப்பிள்ளை முன்னால் பார்த்து ஓட்டிவிட்டுத் திரும்பினால் படி காலியாக இருந்திருக்கிறது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால் மூழ்கவில்லை, மிதந்தாளாம். மூளைக்குக் காற்றுப் போகாமல் இருந்த நேரம்தான் அதிகம் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

படகு பழுதாக வேண்டும் என்றுதான் செய்தேன் என்று நான் உள்ளே வந்ததும் முதலில் சொன்னபோது எழுதிக்கொண்டீர்கள். அதை அடித்துவிடுங்கள். எழுதுவதைச் சரியாக எழுத வேண்டும். படகு பழுதானால் சரி பண்ணிக்கொண்டு போயிருப்பார்கள். அவள் கொஞ்சம் முடியாமல் படுத்துக்கொண்டால் போதும் என்றுதான் நினைத்தேன். பின்னால் நிற்பது அவள்தான் என்று தெரியும். அந்தப் புகை என்ன செய்யும் என்றும் தெரியும். தெரிந்துதான் தைத்தேன், தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டேன். டாக்டரை அனுப்பிவிடுங்கள். மாப்பிள்ளையையும் போட்டுக் குடையாதீர்கள். அவர் அவர் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். தடுக்கவில்லை, அவர் வயசு அவருக்கு.

கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன். ஆனால் சாயங்காலத்துக்குள் நான் வீட்டுக்குப் போக வேண்டும். வேறு யார் ஊட்டினாலும் வாயைத் திறக்க மாட்டாள். மாடி ஏற முடியாது என்பதால் கட்டிலை மிஷின் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன். நல்லாத்தான் இருக்கிறாள். சிரிக்கிறாள், என்னை அடையாளம் தெரிகிறது. நினைவுதான் நிற்பதில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம், "எப்பம்மா கிளம்பறோம், பெட்டியெல்லாம் கட்டியாச்சா" என்று கேட்பாள். நாளைக்கு என்பேன். சரிம்மா என்று கண்ணை மூடிக்கொள்வாள். சின்ன வயசில்கூட என் பேச்சை இப்படிக் கேட்டதில்லை. எங்களுக்குள் இப்போது ஒரு சண்டையும் கிடையாது.