காதுக்காரர் இறக்கிய என்ஜின்

மதிப்பிற்குரிய சங்கத் தலைவரே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணியே, அண்ணன் மகளே, வாங்கிய காரை வாங்கியபடி ஓட்டத் தெரியாத என் தோழர்களே! அண்ணனுக்கு அஞ்சலி செலுத்த வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

காதுக்காரர் போய்விட்டார்! பானெட்டைத் திறக்காமலே எந்த சிலிண்டர் சண்டித்தனம் செய்கிறது என்று சொன்ன அந்தப் பாம்புக் காது போய்விட்டது! நம்ப முடிகிறதா உங்களால்?

நாம் கார்களை மாற்றிக் கட்டத் தொடங்கிய காலத்தில் என்ன இருந்தது? கப்பலில் வந்திறங்கிய பழைய கார்கள் இருந்தன. உதிரி பாகம் இருந்ததா? இல்லை! அண்ணன் லாரி ஸ்பிரிங்கை அறுத்துப் போட்டார். தண்ணீர்க் குழாயை வளைத்து சைலன்சர் செய்தார். தெருவே காதைப் பொத்திக்கொண்டது, நாம் கைதட்டினோம்.

பிறகு என்ஜினை லேப்டாப்பில் திருத்தும் காலம் வந்தது. அந்தப் பெட்டியோடு பட்டறைக்குள் நுழைந்தவன் நான். என்ன திமிர் எனக்கு! எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்று இணையத்தில் எவனோ போட்டுவைத்த அளவுகளை அவருடைய சிவப்புக் காரில் அப்படியே ஏற்றினேன். அவை வேறு நாட்டுப் பெட்ரோலுக்கு எழுதியவை என்று யோசித்தேனா? இல்லையே!

"தம்பி, உள்ள தட்டுது. நிறுத்து" என்றார்.

"ஸ்கிரீன்ல எல்லாம் சரியாத்தாண்ணே இருக்கு" என்றேன்.

அடுத்த நிமிடம் பிஸ்டனில் ஓட்டை! ஆறு மாத உழைப்பு புகையாகப் போனது.

வேறொருவராக இருந்தால் என் தோலை உரித்திருப்பார். இவர் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீ பாக்குறத எனக்குக் காட்டு. நான் கேக்குறத உனக்குச் சொல்றேன்" என்றார். ஐம்பத்து நான்கு வயதில்! இருவரும் சேர்ந்து அந்த என்ஜினை மறுபடி கட்டினோம்.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அதே காரில் மின்மோட்டார் வைக்க அண்ணன் மகள் வேலை தொடங்கியிருக்கிறாள். 'அப்பாவின் என்ஜினைத் திரும்பப் பூட்டு, இல்லையேல் சங்கப் பட்டறையைக் காலி செய்' என்று அவளுக்குப் போன கடிதத்தில் முதல் கையெழுத்து என்னுடையது! என்ஜினை இறக்கியது அவள்தான் என்று எண்ணி, அண்ணனின் நினைவைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் போட்டேன்.

நேற்று அந்தக் காரைப் பார்த்தேன். ஒவ்வொரு ஒயரிலும் காகிதத் துண்டு கட்டி, அது எங்கே போக வேண்டும் என்று எழுதும் பழக்கம் நம்மில் யாருக்கு உண்டு? அவர் ஒருவருக்குத்தானே! எழுபத்து மூன்று துண்டுகள். அத்தனையும் அவர் கையெழுத்து. அத்தனையும் புது மோட்டாருக்கு! என்ஜினை இறக்கியவர் அவரேதான், தோழர்களே!

"ஏம்மா எங்ககிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"அப்பா சொன்னா நம்புவீங்க, சித்தப்பா. நான் சொன்னா?" என்றாள்.



தண்ணீர்க் குழாயில் தொடங்கிய மனிதர், சத்தமே இல்லாத மோட்டார் வரை வந்து நின்றார்! நாம் எங்கே நின்றோம்? என் கையெழுத்தை இந்த மேடையிலேயே திரும்பப் பெறுகிறேன். மற்றவர்களும் பெறுவீர்கள் என்று நம்புகிறேன்.

மகளே, இன்னும் பன்னிரண்டு ஒயர்கள் துண்டு கட்டாமல் தொங்குகின்றன. எது எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது. நாளைக் காலை வருகிறேன். நீ சொல்லு, நான் எழுதிக் கட்டுகிறேன்.